வாரம் இருபது மணி, இன்ஷூரன்ஸோடு

எடிசன், நியூ ஜெர்சி
ஜனவரி 9, 2024

சாந்தாமணிக்கு,

நான் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்டு மாதக்கணக்காகிறது. போனை எடுத்தால் சண்டை வருகிறது என்று நீ எடுப்பதில்லை. எடுக்காவிட்டாலும் எனக்குள் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

புது வருட இன்ஷூரன்ஸ் கார்டு வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். நம் மளிகைக் கடைப் பெயரில் எடுத்த அதே திட்டம். என் மனைவி என்ற முறையில் உன் பெயரும் அதில் இருக்கிறது. உன் மூட்டுவாத ஊசி வழக்கம்போல வந்துவிடும். இதை நினைவுபடுத்துவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான் சொல்கிறேன்.

இனியன் டாலஸிலிருந்து கூப்பிட்டான். "டாட், கிவ் ஹெர் சம் ஸ்பேஸ்" என்கிறான். "ஏன்டா, நாலு பெட்ரூம் வீடு காலியாத்தான கெடக்குது, இன்னும் எவ்வளவுடா எடம் வேணும்?" என்றேன். போனை வைத்துவிட்டான். நம் பிள்ளைகளுக்கு என் நகைச்சுவை ஒருநாளும் புரிந்ததில்லை.

கடை ஓடுகிறது. பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கியிருக்கிறது. கல்லாவில் உன் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். வரிசை வாசல் வரை நிற்கிறது, அவள் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சுப்பையன்


ஜெர்சி சிட்டி
ஜனவரி 21, 2024

இனியன் அப்பாவுக்கு,

கார்டு கிடைத்தது. கரும்பு வந்த செய்தியும் கிடைத்தது. "நீ வந்தால் நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நல்லதா, கல்லாவுக்கு நல்லதா என்று எழுதவில்லை.

நேராகவே சொல்கிறேன். வக்கீலம்மாவைப் பார்த்தேன். விவாகரத்து முடிகிற அன்றைக்கு உங்கள் திட்டத்திலிருந்து என் பெயர் விழுந்துவிடுமாம். அரசாங்கம் நடத்துகிற இன்ஷூரன்ஸ் சந்தையில் தனியாக வாங்கலாம். ஆனால் எனக்குக் கட்டுப்படியாகிற திட்டத்தில் என் டாக்டரும் இல்லை, அந்த ஊசியும் இல்லை. ஊசி இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் எனக்குச் சட்டைப் பட்டன் போட இன்னொருவர் வேண்டும். அது உங்களுக்கே தெரியும்.

ஆகவே எனக்கு இன்ஷூரன்ஸ் தருகிற வேலை ஒன்று வேண்டும். முழு நேரம் நிற்க உடம்பு கேட்காது. பார்ட் டைம்தான். போய்க் கேட்ட இடத்திலெல்லாம் "பார்ட் டைமுக்கு பெனிஃபிட்ஸ் கிடையாது" என்கிறார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்கார ஜெயமலர் அக்கா சொல்கிறார்: "யாழ்ப்பாணத்தில இருந்து ஒத்தப் பையோட வந்தனான், நீர் ஏன் இதுக்குப் போய்ப் பயப்படுறீர்?" எனக்குப் பயம்தான்.

ஆளை எப்படி வேலைக்கு வைப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எங்கே தேடட்டும்? கோபப்படாமல், ஒரு வியாபாரியாகச் சொல்லுங்கள்.

சாந்தாமணி


எடிசன்
பிப்ரவரி 2, 2024

சாந்தா,

உன் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்து, மடித்து வைத்துவிட்டேன். என்னை விட்டுப் போவதற்கு என்னிடமே வழி கேட்கிற துணிச்சல் உனக்குத்தான் வரும். நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று போட்டிக் கடைக்காரனையே கேட்கிற மாதிரி. ஆனால் கேட்டுவிட்டாய். கேட்டவருக்குத் தப்பான சரக்கு கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். வாரம் முப்பது மணிக்குக் குறைவாக வேலை செய்கிறவருக்கு இன்ஷூரன்ஸ் தரச் சொல்லி எந்த முதலாளியையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் ஆட்களை இருபத்தெட்டில் நிறுத்துகிறோம். என் மாதிரி ஆளிடம் போய்க் கேட்டால் நேரம்தான் வீண். ஆள் கிடைக்காமல் தவிக்கிறவனிடம் போ. பெரிய காபிக் கடைகள், வங்கிக் கவுன்ட்டர், கல்லூரி, ஆஸ்பத்திரி, கூட்டுறவு முறையில் நடக்கும் அமெரிக்க மளிகைக் கடை. இவர்களில் சிலர் இருபது மணிக்கே தருகிறார்கள். பார்சல் கிடங்குகளும் தரும், ஆனால் அங்கே மூட்டை தூக்க வேண்டும். உனக்கு வேண்டாம்.

பேசும்போது முதலிலேயே இன்ஷூரன்ஸைக் கேட்காதே. "உன்னை எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பிறகு, "சரி" என்று சொல்வதற்கு முன்னால் கேள். வாரம் எத்தனை மணி வேலைக்குத் தருவார்கள், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், வாரக் கணக்கா, மாத சராசரியா? சராசரி என்றால், வேலை மந்தமான மாதத்தில் உன் மணிகளைக் குறைத்து வெளியே தள்ளிவிடுவார்கள். இதையெல்லாம் எழுதி வாங்கு. வாய்ப்பேச்சு வேண்டாம்.

பழைய முதலாளி யார் என்று கேட்டால் என் நம்பரைக் கொடு. வேறு யார் இருக்கிறார்கள்?

சுப்பையன்


ஜெர்சி சிட்டி
மார்ச் 3, 2024

இனியன் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. கூட்டுறவு மளிகைக் கடை ஒன்றில் ரொட்டிப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார்கள். வாரம் இருபது மணி, இரண்டாம் மாதத்திலிருந்து இன்ஷூரன்ஸ். சராசரியா என்று கேட்டேன். அந்த மேனேஜரம்மா நிமிர்ந்து பார்த்து, "இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையே" என்றாள். உங்களை நினைத்துக்கொண்டேன்.

இனி பாக்கி, உங்களிடம் ஒரு வார்த்தை விசாரிப்பதுதான். இந்த வாரம் கூப்பிடுவாள். எத்தனை வருடம் இருந்தேன், என்ன வேலை செய்தேன் என்பதை மட்டும் சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில், அவ்வளவு போதும்.

நன்றி. இந்தச் சொல்லை உங்களுக்கு நான் இதுவரை எழுதியதே இல்லை என்று நினைக்கிறேன்.

சாந்தாமணி


எடிசன்
மார்ச் 8, 2024

சாந்தா,

மேனேஜரம்மா நேற்று கூப்பிட்டாள். பதறாதே, நன்றாகத்தான் பேசினேன். கல்லாவில் ஒருநாளும் கணக்கு உதைத்ததில்லை என்றேன். கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளரையும் திரும்ப வர வைப்பாள் என்றேன். "மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டாள். "நாளைக்கே" என்றேன். அவள் சிரித்தாள்.

உன்னைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும் சொன்னேன். குளிர்காலத்தில் காலை நேரத்தில் விரல் மடங்காது, சூடான தட்டையும் கனமான பெட்டியையும் அவளிடம் கொடுக்க வேண்டாம், சில நாள் வர முடியாமலும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நீயாகச் சொல்ல மாட்டாய். கேட்கக் கூச்சப்பட்டு வலியைத் தாங்கிக்கொண்டே நிற்கிற ஆள் நீ. "சொன்னதற்கு நன்றி" என்று மிக மரியாதையாகச் சொன்னாள்.

கிடைத்துவிடும். கிடைக்கட்டும்.

சுப்பையன்


ஜெர்சி சிட்டி
மார்ச் 16, 2024

இனியன் அப்பாவுக்கு,

வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம். மிக மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதமும் அவர்கள் பதிலும் ஒரே நாளில் வந்தன. உங்களுடையதை இரண்டாவதாகப் படித்தேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னேனே.

சாந்தாமணி


எடிசன்
மார்ச் 24, 2024

சாந்தா,

உன் நாலு வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

முதலில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அக்கறையில்தானே சொன்னேன், புருஷன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள் என்று. கடையில் விஷாகாவிடமும் கேட்டேன். நம் கணக்கைப் பார்க்கிறவள், ஒளிவுமறைவு தெரியாதவள். "அங்கிள், உங்களுக்கு ஒருத்தர் போன் பண்ணி இப்படிச் சொல்லியிருந்தா அந்த ஆளை ஹயர் பண்ணியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

பண்ணியிருக்க மாட்டேன். மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

எனக்கு வேறொன்றும் தெரியாவிட்டாலும், என்ன சொன்னால் ஒரு சரக்கு நகராமல் அலமாரியிலேயே தங்கிவிடும் என்பது தெரியும். இது தெரிந்தவன்தான் அன்றைக்குப் போனில் பேசினான். அவள் உன் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். உனக்கு வலிக்கக் கூடாது என்று சொன்னேனா, நீ போகக் கூடாது என்று சொன்னேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை சாந்தா. தெரியாததுதான் தூங்க விடவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன்.

அந்த மேனேஜரம்மாவை மறுபடி கூப்பிட்டேன். இடம் நிரம்பிவிட்டது என்றாள்.

நீ மனைவியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன்னைக் கடை ஊழியராகச் சேர்த்து, அதன் மூலம் இன்ஷூரன்ஸ் தருகிறேன். அந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி தேவையோ அத்தனை மணி உட்கார்ந்த வேலை போதும். நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போ. பதில் எழுது.

சுப்பையன்


ஜெர்சி சிட்டி
மே 5, 2024

இனியன் அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், கோபம் இல்லை. நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

உங்கள் கடையில் வேலை வேண்டாம். நீங்கள் மனதாரத்தான் தருகிறீர்கள். ஆனால் ஊசியும் சம்பளமும் உங்கள் கையிலிருந்தே வருமானால், நான் இந்த அறைக்கு வந்ததற்கு அர்த்தமில்லை.

இங்கே ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜெயமலர் அக்காவின் மகள் தர்சனா அங்கே இருக்கிறாள், அவள்தான் சொல்லி அனுப்பினாள். புத்தகம் கொடுத்து வாங்குகிற மேசை, உட்கார்ந்த வேலை. வாரம் இருபது மணி. இன்ஷூரன்ஸ் ஜூன் முதல் தேதியிலிருந்து. எழுதி வாங்கிவிட்டேன். என் டாக்டர் அதில் இருக்கிறார், ஊசியும் இருக்கிறது.

உங்களிடம் மறைக்க விரும்பாத ஒன்று உண்டு. இதற்கு முன் எங்கே வேலை செய்தாய் என்று கேட்டார்கள். கடையைச் சொன்னால் உங்களைக் கூப்பிடுவார்கள். வீட்டில் இருந்தேன், பிள்ளைகளை வளர்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அத்தனை வருடங்களையும் நானே இல்லாமல் செய்துகொண்டேன்.

சோதித்துப் பார்க்க மேசையில் உட்கார வைத்தார்கள். தேர்வு நேரம், பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். அரை மணியில் வரிசை கரைந்துவிட்டது. மேற்பார்வையாளருக்கு ஆச்சரியம். "எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றாள். "வீட்டில்" என்றேன்.

அக்கறையா, தடுக்கப் பார்த்தீர்களா என்று உங்களுக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தெரியவில்லை. முன்பென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு ஒரு நாளும் நகராது. இப்போது தெரியாமலேயே இருக்க முடிகிறது. விவாகரத்துக் காகிதங்களை வக்கீலம்மா ஜூனில் அனுப்புவார். கையெழுத்துப் போடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கல்லாவில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டாம்.

சாந்தாமணி


எடிசன்
ஜூன் 20, 2024

சாந்தாமணிக்கு,

கையெழுத்துப் போட்டு வக்கீலம்மாவிடமே நேரில் கொடுத்துவிட்டேன். அதிலுள்ள எதற்கும் நான் பேரம் பேசவில்லை. என்னைப் பற்றி அவருக்கு நீ என்ன சொல்லி வைத்திருந்தாயோ தெரியாது, அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

வீட்டில்தான் இருந்தாய் என்று சொன்னதைப் படித்தபோது ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. அப்படிச் சொல்லும் நிலைக்கு உன்னைக் கொண்டு வந்தவன் நான். அதற்கு மேல் இதில் எழுத எனக்குத் தகுதியில்லை.

நம் வாடிக்கையாளர் பத்மநாபன் சனிக்கிழமை வந்திருந்தார். எப்போதும்போல, "ஏனுங்க, அக்காவைக் காணோமுங்களே?" என்றார். இத்தனை நாளும் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவங்களுக்கு வேற வேல கெடச்சுருச்சுங்க. இன்ஷூரன்ஸோட" என்றேன்.

"அட, நல்ல வேலைங்களா?"

"நம்ம கடைய விட நல்ல வேலைங்க" என்றேன்.

உன் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுப்பையன்