எதிரில் உட்காருகிறவர் பார்க்கும் பக்கம்

என் செல்ல மைனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி, முகம் வாடாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நான் அழுதுவிடுவேன், என்னமோ ஏதோ என்று நீ பதறிப்போவாய். நல்ல சேதிதான், நடுவில் கொஞ்சம் பயமும் வருகிறது, இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். மாடிக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. உன் சித்தி மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வார்த்தை வாழ்த்துச் சொல்லு, நீ மறந்துவிட்டாய் என்று அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய உங்கள் கம்பெனியின் புது லேப்டாப் பத்திரமாக வந்தது. பார்சலை அப்பாதான் பிரித்தார். மூடியும் கீலும் மட்டும்தான் உன் வேலை, மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தது என்று நீ போனில் சொன்னதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, நீ இந்த டிசைன் படிப்பில் சேர்ந்தபோது "மெஷினுக்குச் சட்டை தைக்கறதுக்கு ஒரு படிப்பா"ன்னு கேட்டவர் அல்லவா. லிஃப்ட் மெக்கானிக்காக ஆயுளில் பாதியை மோட்டார் அறையிலேயே கழித்த மனிதருக்கு எதையும் கவிழ்த்துப் பார்த்தால்தான் நிம்மதி. இதையும் கவிழ்த்தார், திருகாணிகளைத் தடவினார், உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து "கனம் பரவாயில்ல" என்றார். அப்புறம் ஒற்றை விரலால் மூடியைத் திறந்தார். அடிப்பாகம் கூடவே எழும்பி வரவில்லை, மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மூடினார். மறுபடி திறந்தார். நான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், மனிதர் இன்னும் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறார். குறை கண்டுபிடிக்காமல் அப்பா இவ்வளவு நேரம் ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தது நம் வீட்டில் இதுதான் முதல் தடவை.

மறுநாள் அதை என் காது கிளினிக்குக்கு எடுத்துப்போனேன். அங்கே என் மேசை எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஜன்னலைப் பார்த்து நான் உட்கார்ந்திருப்பேன், காது பார்க்க வருகிறவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி எதிர் நாற்காலியில், நடுவில் லேப்டாப். பரிசோதனை முடிந்ததும் காது மெஷினை அதில் இணைத்து, அவரவர் காதுக்குத் தகுந்த அளவு வைக்க வேண்டும், அதனால் அது நடுவில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் பழைய லேப்டாப் வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளக்கும், முதுகில் கம்பெனிச் சின்னம் ஒரு தட்டு அகலத்துக்கு. நான் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை, என் பக்கம் இருப்பது திரைதானே. முதலில் வந்தது நம் தெருமுனைத் தையல்கார அம்மா. அவர்களுக்குக் காது ரொம்பவே மோசம், உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வார்கள். எப்போது வந்தாலும் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, கழுத்தை நீட்டி உட்காருவார்கள், இடுப்பு வலி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு நேராக உட்கார்ந்தார்கள். இரண்டு முழங்கையையும் மேசைமேல் வைத்தார்கள். பேச்சு நடுவே ஒரு விரலை நீட்டி மூடியின் ஓரத்தை மெல்ல வருடிவிட்டு, "ஓரம் எவ்வளவு சுத்தமா அடிச்சிருக்காங்க, யாரும்மா தைச்சது?" என்று கேட்டார்கள். என் பொண்ணு என்று சொன்னேன். "அப்ப நல்ல கைதான்" என்றார்கள். சிரித்துவிட்டேன், ஆனால் மைனா, அவர்கள் போன பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மதியம் ஆள் இல்லாத நேரத்தில் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, நான் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எனக்கு முன்னால் ஒரு சுவர் நின்றது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் குத்தியது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அதில் தெரிவது என் முகம், அதுவும் கோணல்மாணலாக, நடுநெற்றியில் கம்பெனிச் சின்னத்தோடு. காது கேட்கவில்லையே என்ற வெட்கத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவருடைய கண்ணுக்கு முதலில் படுவது அவருடைய சுளித்த முகம். டாக்டரம்மா அதற்குப் பின்னால் எங்கேயோ. அப்புறம் அதை எடுத்துவிட்டு உன்னுடையதை வைத்தேன். என்ன நிறம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை காய்ந்துகொண்டு வரும்போது ஒரு நிறம் வருமே, அது. வெளிச்சம் அதன்மேல் விழுந்து அப்படியே அடங்கிப்போனது. எழுத்தில்லை, சின்னம் இல்லை, உயரமும் இல்லை. கண் அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு மேலே போய், என் காலி நாற்காலியில், நான் இருந்தால் என் முகம் எங்கே இருக்குமோ அங்கே போய் நின்றது. எங்கேயோ ஒரு ஊரில், ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்த நாற்காலியில் உட்காரப்போகிற, நீ பார்த்தே இராத ஒருவரை நினைத்து இதைச் செய்திருக்கிறாய். வாங்குகிறவருக்கு இந்தப் பக்கம் தெரியவே தெரியாது. எதிரில் இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். தினமும் அவர்களோடேயே பேசிக்கொண்டிருக்கும் எனக்குத் தோன்றாதது உனக்கு எப்படியடி தோன்றியது? வேலை செய்கிற மெஷினுக்கு அழகு எதற்கு என்று உங்கள் கம்பெனியில் பாதிப் பேரும், பளபளவென்று இருந்தால்தான் பெரிய ஆபீசர் கையில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று மீதிப் பேரும் சண்டை போடுகிறார்கள், நடுவில் என் தலை உருள்கிறது என்று நீ அலுத்துக்கொண்டபோது நான் சும்மா உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க மனசு வரவில்லை.

இனிமேல்தான் பயப்படுகிற சேதி. அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவளின் வீட்டுக்காரர், பரிசோதனைக்கு வாங்க என்றால் "கெழவனாக்கிப் பாக்கணும்னு ஆசையா" என்று எழுந்து போய்விடுவார். நானும் கெஞ்சி, கோபித்து, கடைசியில் வாயை மூடிக்கொண்டேன். போன வாரம் மீசை மாமா கிளினிக்குக்கே வந்தார். அப்பாவோடு இத்தனை காலம் வேலை பார்த்தவர், சிரிக்காமல் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நின்றுகொண்டே பேசினார். "தங்கச்சி, அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. லிஃப்ட் குழிக்குள்ள எறங்கி வேலை பாத்துக்கிட்டிருந்தான், மேலேருந்து பெட்டி எறங்குது. வெளிய வாடான்னு கத்தறேன், திரும்பவே இல்ல. தொண்டை கிழியக் கத்தறேன், குனிஞ்சு திருகிக்கிட்டே இருக்கான். ஓடிப்போய் பட்டனை அமுக்கினேன், தலைக்கு மேல கைக்கெட்டற தூரத்துல நின்னுச்சு. அப்பவும் அவனுக்குத் தெரியல" என்றார். சொல்லும்போதே அந்தப் பெரிய மீசை நடுங்கியது.

வீட்டுக்குப் போய் இதைக் கேட்டால் சண்டைதான் வரும் என்று தெரியும். அதனால் வேறு மாதிரி ஆரம்பித்தேன். உங்க பொண்ணு செஞ்சது வேலையில எப்படி இருக்குன்னு வந்து பாருங்க, எதிர்ல உக்காந்து உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க, அவ கேட்டா சொல்லணும் என்றேன். மகள் என்றதும் மறுபேச்சு இல்லை. மறுநாள் வேலை முடிந்து, பையில் ஸ்பானர் எல்லாம் கலகலக்க, வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பழையதை வைத்தேன், அப்புறம் உன்னுடையதை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் மெதுவா வருதுன்னு தெனமும் புகார். மோட்டார்ல ஒண்ணும் இல்ல. மேனேஜர் லிஃப்ட் வாசல்ல ஒரு கண்ணாடியை மாட்டச் சொன்னாரு, மாட்டினோம், நிக்கறவன் தலையைச் சரிபண்ணிக்கிட்டே நேரத்தை மறந்துட்டான், புகார் நின்னுபோச்சு. ஏமாத்து வேலைன்னு நான் அப்பச் சிரிச்சேன். இல்ல. நிக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு அந்த ஆளு யோசிச்சிருக்காரு. இவளும் அதத்தான் யோசிச்சிருக்கா." நான் குனிந்து, உன் லேப்டாப்பின் மூடிக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொண்டு, வழக்கமான குரலில், மீசை அண்ணன் எப்படி இருக்காரு என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டேன். முகத்தில் ஒரு தவிப்பு வந்தது, பரீட்சையில் கேள்வி புரியாத பிள்ளை மாதிரி. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை, மூடியை முழுக்கச் சாய்த்துவிட்டேன். அது மேசையோடு மேசையாகப் படுத்துவிட்டது, எங்கள் இருவருக்கும் நடுவில் எதுவுமே இல்லை. அப்பா என் முகத்தைப் பார்த்து, "உன் மூஞ்சி தெரிஞ்சாத்தான் எனக்குக் கேக்குது" என்றார்.

இதை அவரே முதல்முறையாகச் சொன்னார், மைனா. காது கேட்கிறதா என்று நான் கேட்கக்கூட இல்லை. சொல்லிவிட்டு, பையைக் கீழே வைத்துவிட்டு, அவரே எழுந்து போய்ச் சத்தம் புகாத அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். முடிந்ததும் பரிசோதனை வரைபடத்தை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன், எந்தச் சத்தமெல்லாம் அவரை விட்டுப் போயிருக்கிறது என்று இருவரும் ஒரே மேசைமேல் குனிந்து பார்த்தோம், ஆல்பத்தில் போட்டோ பார்க்கிற மாதிரி. அப்புறம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியை அவரும் கேட்டார், "வெளிய தெரியுமா?" நல்லா கேக்குமா என்று இதுவரை ஒருத்தரும் முதலில் கேட்டதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்தவள் நான், அன்றைக்கு மட்டும் அலுப்பே வரவில்லை. மெஷின்களை எல்லாம் தட்டில் பரப்பி நீங்களே பாருங்க என்றேன். தோல் நிறத்தில் இருப்பதைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், மறைந்துவிடுமே. அப்பா அதை ஒதுக்கினார். அடர்சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து, லேப்டாப் மூடிமேல் வைத்துப் பார்த்து, "ஒளிச்சு வெக்கணும்னு இல்ல, பாக்க ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். காதில் மாட்டிக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்ட அன்றைக்கு இப்படிப் பார்த்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

கீழே இறங்க எங்கள் கட்டிட லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியதும் அப்பா கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்றார். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தரைத்தளம் வந்தும் இறங்கவில்லை, மேலே போகிற பட்டனை அமுக்கினார், மறுபடி கீழே, மறுபடி மேலே. நடுவில் ஏறிய வக்கீல் ஒருவர் எங்களைப் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார். "மேல ஒரு உருளை தேயுது, கேக்குதா, கிர்ர்னு" என்றார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, துடைக்கக்கூட இல்லை, "கேக்குதுடி, கேக்குதுடி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். மறுநாளே மீசை மாமாவைக் கூட்டிவந்து அந்த உருளையைக் கழற்றிக் காட்டினார், ஒருபக்கம் தேய்ந்துதான் இருந்தது. மீசை மாமா உருளையைப் பார்க்கவில்லை, அப்பாவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜோரா இருக்குடா, எனக்கும் ஒண்ணு வாங்கித் தா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா போனை வாங்காமல் என்னிடமே தள்ளிவிடுவார், நீ தூரதேசம் போனதில் அவருக்கு இன்னும் கோபம் என்று நீ ஒருமுறை அழுதாய். கோபம் இல்லை, கண்ணு. போனில் முகம் இல்லை. வீடியோவில் உன் உதடு முன்னே போகும், குரல் பின்னே வரும், அவருக்கு இரண்டும் சேரவில்லை. நீ பேசுவது புரியாமல் ஏதாவது தப்பாகப் பதில் சொல்லி, உனக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது முந்தாநாள்தான், பாத்திரம் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

அடுத்த மாடலுக்குப் பழையபடி பளபளப்பும் பெரிய சின்னமும் வேண்டும் என்று கேட்கிறார்கள், கூட்டத்தில் நீ பேச வேண்டும் என்று சொன்னாயே, கோபப்படாதே, குரலை உயர்த்தாதே. இரண்டு லேப்டாப்பையும் மேசையில் வைத்து, அந்தப் பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக எதிர் நாற்காலியில் உட்காரச் சொல். என்ன தெரிகிறது என்று மட்டும் கேள். அதற்குமேல் நீ வாதாட வேண்டியது இருக்காது. அப்படியும் கேட்காவிட்டால் விடு, உன் வேலை இங்கே ஒரு வீட்டில் என்ன செய்தது என்பது உனக்குத் தெரிந்துவிட்டது, அது போதும். கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, தலைக்கு எண்ணெய் வை. எங்கே இருந்தாலும் உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நாலு பேருக்கு நல்லதாக அமைய வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. முதல் மணியிலேயே எடுக்கப்போவது அப்பாதான், இப்போதே என்னிடம் சொல்லிவைத்துவிட்டார். கத்த வேண்டாம், எப்போதும் பேசுகிற மாதிரியே பேசு, அவருக்குக் கேட்கும்.

உன்னை நினைத்து நினைத்துப் பூரித்துப்போயிருக்கும்
உன் அம்மா