வெட்டாமல் வைத்த முதல் துண்டு

அஸ்தோர்கா

அன்புள்ள ஃபெர்மின்,

காரில் உன் இருக்கையில் உன் அம்மா. இருக்கையை முன்னால் இழுத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலடியில் ஒரு பை ஆரஞ்சு. விடுப்பு கிடைக்கவில்லை என்று நீ சொன்ன அன்றே நம் வீட்டுக்கு, லெயோனுக்குப் பேருந்து ஏறிவிட்டார். "ரூமெல்லாம் பிடிச்சு வச்சாச்சு. அவன் வரலேன்னா கட்டில் அழுவுமா? நான் வரேன். என்னை வீட்டுல கொண்டுபோய் விட்ட மாதிரியும் ஆச்சு" என்றார். ஆக, நாம் போக இருந்த பாதையில் நானும் உன் அம்மாவும் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

மாதக் கடைசிக்குள் நீ கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு வருடம் சிலியின் பாலைவனத்தில், அந்தக் காற்றாலைகளோடு. அல்லது வீடு. நீயே முடிவு செய் என்று சொன்னவள் நான். இப்போதும் அதேதான். அதனால் இங்கே அதைப் பற்றி எழுதமாட்டேன். சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த ஊர்ச் சாப்பாடு தலைகீழ். முதலில் கறி, ஏழு வகை. பிறகு கொண்டைக்கடலையும் முட்டைக்கோஸும். சூப் கடைசியில். உன் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. "வயித்துல இடம் போச்சுன்னா சூப்தானே மிஞ்சும்? கெட்டிக்காரங்க." நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஒயினை மட்டும் அவர் கிளாஸில் ஊற்றிவிட்டேன். வண்டி ஓட்ட வேண்டுமே என்றேன். "வண்டிய நிறுத்தியாச்சு. சாவி மாடில மேஜை மேல கிடக்கு" என்றார். என்னையே பார்த்துக்கொண்டு குடித்தார்.

ஜன்னலைத் திறந்தால் தூரத்து மலை மேல் பனி. அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் உன் அம்மா, குறட்டையோடு. உன் குறட்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஹெர்தே பள்ளத்தாக்கு

அஸ்தோர்காவில் தபால்பெட்டியைத் தாண்டித்தான் வந்தேன். போடவில்லை. இதே கடிதத்தில் தொடர்கிறேன்.

மலைச்சரிவு முழுக்க செர்ரிப் பூ. வளைவில் திரும்பியதும் பனி என்று நினைத்து பிரேக் போட்டுவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் கையை வெளியே நீட்டிக் கத்தினான். உன் அம்மா கண்ணாடியை இறக்கி, இன்னும் சத்தமாகக் கத்தினார். பிறகு இரண்டு பேரும் சாலையோரம் நின்று பூவைப் பார்த்தோம். காற்றே இல்லாமல் இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது நன்றாக இருந்தது.

தங்கியிருப்பது ஆற்றுக்கு மேலே ஒரு கல் வீட்டில். தண்ணீர்ச் சத்தம் கட்டிலுக்கு அடியிலேயே கேட்கிறது. காலையில் வீட்டுக்காரர் ரொட்டித் தூளைப் பூண்டோடும் மிளகாய்ப் பொடியோடும் வறுத்து, மேலே திராட்சை தூவிக் கொண்டுவந்தார். எனக்கு உயிரான உணவு. வாசனை எழுந்ததும் நான் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா பின்னாலேயே வந்தார். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கையில் வைத்தார்.

அங்கே நின்றபடிதான் அந்தக் கதையை மறுபடியும் சொன்னார். உன் அப்பா சுவிட்சர்லாந்தில் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தது. அங்கேயே நிரந்தரம் என்று முதலாளி சொன்னது. இவர் ஊர் மதுக்கடைப் போனிலிருந்து, நீ வயிற்றில் இருக்கிறாய் என்று சொன்னது. அடுத்த ரயிலிலேயே உன் அப்பா வந்து இறங்கியது. அன்றிலிருந்து சூப்பில் உப்பு குறைந்தாலும், கூரை ஒழுகினாலும் உன் அப்பாவுக்கு ஒரே வசனம்: "உன் போன் வந்ததாலதான் வந்தேன்." உன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஏன் வானிலையைப் பற்றியே பேசினேன் என்று கேட்டாயே.

த்ருஹீயோ

கோபுரத்துக்குக் கோபுரம் நாரைக் கூடு. சதுக்கத்து மதுக்கடையில் உட்கார்ந்தோம். கேட்காமலே ஒரு தட்டு ஹமோன் வந்தது. வேக வைக்காமல் உப்பில் உலர்த்திய பன்றித்தொடை, கத்தி பட்ட இடமெல்லாம் கொழுப்பு மினுங்கும் மெல்லிய துண்டுகளாக. நான் வேண்டாம் என்றேன்.

ஃபெர்மின், இந்த எஸ்த்ரமதூரா சீமையில் ஒருத்தி ஹமோனை வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கடையே திரும்பிப் பார்த்தது.

"என் ஹமோனுக்கு என்ன குறை?" என்றார் கடைக்கார அம்மா.

ஈஸ்டர் நோன்பு என்றேன். வாயில் வேறு எதுவும் வரவில்லை. நான், நோன்பு!

"இன்னைக்குச் செவ்வாக்கிழமை. கறி கூடாதது வெள்ளிக்கிழமைதான்" என்றார் உன் அம்மா. "அஸ்தோர்காவுல ஏழு கறி தின்னியே, அன்னைக்குக் கர்த்தர் லீவுல இருந்தாரா?"

கடைக்கார அம்மா மேஜையில் கையூன்றிக் குனிந்தார். என் தண்ணீர் கிளாஸைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "வெந்த கறி ஆகும், வேகாதது ஆகாது, ஒயின் ஆகாது. எனக்கும் டாக்டர் இதத்தானேம்மா சொன்னாரு, ஒவ்வொரு தடவையும். அந்த மூணு பிள்ளைங்களும் இப்ப சதுக்கத்துல பந்து உதைச்சுக் கண்ணாடிய உடைக்குதுங்க." தட்டை உன் அம்மா பக்கம் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையைச் சுடச்சுடக் கொண்டுவந்தார். "நல்லா வேக வச்சிருக்கேன். பயப்படாம தின்னு."

உன் அம்மா ஹமோன் முழுவதையும் தனியாகத் தின்று முடித்தார். பிறகு கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"இல்ல அத்தை."

"போனப் போடு."

"மாட்டேன். அவரே முடிவு பண்ணட்டும். அப்புறம் சொல்றேன்."

"ஏன்டி?"

"மாமா சொல்ற அந்த வசனத்த முப்பது வருஷம் கேக்க எனக்குத் தெம்பில்ல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காகிதத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் காகிதத்தைச் சுருட்டித் தரையில் போட்டார். "நான் வாயத் திறக்கல" என்றார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

அரசேனா, உன் வீடு

வரும் வழியெல்லாம் ஓக் மரங்கள், கீழே கருத்த பன்றிகள், சாலைக்குக் குறுக்கே மேகம். உன் அப்பா வாசலில் நின்றிருந்தார். என் பெட்டியை என்னைத் தூக்கவிடவில்லை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேஜை மேல் தாங்கியில் ஒரு முழு ஹமோன், நிலவறையிலிருந்து எடுத்துவந்தது. நீ வரும்போது வெட்ட வேண்டும் என்று வைத்திருந்தது. நீ வராததால் எனக்காம்.

கத்தியைத் தீட்டினார். தோலைச் சீவப் போனார். "முதல் துண்டு உனக்கு."

"வேணாம் மாமா" என்றேன்.

அவர் உன் அம்மாவைப் பார்த்தார். உன் அம்மா ஜன்னலைப் பார்த்தார், வெளியே ஏதோ அதிசயம் நடப்பது போல. வாயை மட்டும் திறக்கவில்லை.

உன் அப்பா கத்தியைத் துடைத்து வைத்தார். தாங்கியின் திருகைக் கழற்றினார். ஹமோனைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கீழே கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டது. மேலே வந்தவர், "தின்ன வேண்டியவங்க எல்லாம் வரட்டும். அது இன்னொரு குளிருக்கும் தாங்கும்" என்றார். அவ்வளவுதான். பிறகு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார். கண்ணீருக்கு வெங்காயம்தான் காரணம் என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்.

சாப்பாடு முடிந்தும் மேஜையை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. நான் கேட்டேன். அன்றைக்கு அத்தையின் போன் வராமல் இருந்திருந்தால்?

வாதுமைக் கொட்டை ஒன்றை உடைத்துக்கொண்டே சொன்னார். "வராம இருந்தா என்ன? டிக்கெட் முந்தின நாளே எடுத்தாச்சு. பெட்டியக் கட்டிக் கதவுகிட்ட வச்சிட்டுத்தான் போன் எடுக்கவே போனேன்."

ரொட்டித் துண்டு ஒன்று பறந்து அவர் நெற்றியில் பட்டது. "முப்பது வருஷமா பொய்யா சொன்னே, கிழவா?"

"நீ கேக்கவேயில்லியே! உண்மையச் சொல்லியிருந்தா சூப்புல உப்பில்லாத அன்னைக்கு எத வச்சு நான் சண்ட போடறது?"

உன் அம்மா சிரித்தார். சிரிப்பு நடுவில் வேறாக மாறியது. எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரச் சத்தம் அதிகமாகக் கேட்டது. அந்திக்கு வந்த சூப்பில் உப்பே இல்லை. உன் அப்பா ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்.

ஃபெர்மின், இதை நாளை இங்கே தபாலில் போடுகிறேன். கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி உன் கைக்கு வருவதற்குள் நீ பதில் சொல்லியிருப்பாய். அதற்காகத்தான் கடிதம். ஞாயிறன்று போனில் செர்ரிப் பூவைப் பற்றிப் பேசுவேன். அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா போனில் பேசுவதே இல்லை.

நீ அங்கேயே இருப்பதென்று சொல்லியிருந்தால் பாலைவனத்தில் என்ன சமைப்பார்கள் என்று எழுது. நாங்கள் கற்றுக்கொள்கிறோம். நாங்கள் என்று எழுதியதை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த உறையை நீ பிரித்தபோது உன் பெட்டி எங்கே இருந்தது? கட்டிலுக்கு அடியிலா, கதவுக்குப் பக்கத்திலா? எதுவானாலும் உண்மையை எழுது. அதைத் தெரிந்துகொள்ள நான் முப்பது வருடம் சூப் வைக்க முடியாது.

காற்று அதிகமாக இருந்தால் மேலே ஏறாதே. காதை மூடிக்கொள். நன்றாக இரு.

கீழே கொக்கியில் நமக்காகக் காத்திருக்கும் ஹமோனுக்கும் சேர்த்து, உனக்கு முத்தங்களுடன்,
எல்விரா