கூவிய பெட்டைக்கோழி

என் தங்கம் கவியாவுக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து அம்மா எழுதுவது. உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், பெண்கள் ஹாஸ்டல் சமையல் வேலைக்கும் திங்கட்கிழமையிலிருந்து போகிறேன், மனசுதான் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. நீ அந்த வெளிநாட்டுக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியத்தை டில்லிபாபு மாமா குறையில்லாமல் முடித்துவைத்தார்.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். நம் கருப்புப் பெட்டை முட்டையை நிறுத்திவிட்டு, கொண்டை சிவந்து, சேவல் மாதிரி கூவ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு சரோஜா, கூவுற பொட்டைய வச்சிகினு இருந்தா வூட்டு ஆம்பளைக்கு ஆவாதுக்கா, இன்னிக்கே அறுத்துடு என்றாள். உன் அப்பா சிரித்து, அது கூவுறதாலதான் நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸ புடிக்கிறேன், வுடு என்றார். விட்டேன். ஒன்பதாம் நாள் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் திரும்பவில்லை. அறுக்காமல் விட்டு நான்தான் அவரைக் கொன்றேன் என்று சோறு வடிக்கும்போதெல்லாம் அழுதேன்.

இதை மறைத்துத்தான் போன வாரம் பெட்டை ஏன் கூவுகிறது என்று மட்டும் உன்னிடம் கேட்டேன். முட்டைப்பை கெட்டால் பெண் ஹார்மோன் வற்றி ஆண் ஹார்மோன் ஓங்கிவிடும், அது ரத்தத்தோடு மூளைக்குப் போய்க் கூவவைக்கும், மனுஷருக்கும் கருவிலேயே ஹார்மோன் மூளை நரம்பில் வேலை செய்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டுமே உண்டு, அளவுதான் வேறே என்றாய். ஐந்தாவதோடு நின்ற எனக்கே விளங்கியது. கண்ணுக்குத் தெரியாத சுரப்பு ஒரு உயிரின் குரலையே மாற்றுகிறதாம், அதைத் தேடிப் பார்க்கிறவள் என் வயிற்றில் பிறந்தவள், நினைக்க நினைக்கப் பூரிப்பாக இருக்கிறது. ஹாஸ்டலில் சொன்னேன், திருநெல்வேலிப் பெண் முப்பிடாதி, அப்ப அது கோழிக்கு வந்த சீக்குதான அத்தை, எங்க ஊர்ல அநியாயமா அறுத்துப்புட்டாவளே என்றாள். அன்றைக்குத்தான் தூங்கினேன். சரோஜா நேற்றும் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், சீக்குக் கோழியடி, கொழம்புக்கு ஆசைப்படாத என்று அனுப்பிவிட்டேன்.

நீயோ, அப்பா விழுந்த அன்று கூப்பிட்டபோது போனை எடுக்காமல் விட்டேன், எடுத்திருந்தால் பிழைத்திருப்பார், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அழுகிறாய். கோழி கூவியதால் அவர் போகவில்லை என்றால், நீ போன் எடுக்காததாலும் போகவில்லை, கண்ணே. வராதே. படித்து முடி.

நீ நீடூழி நல்லா இருக்கணும். சூடாகச் சாப்பிடு, காதைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா
செல்லம்மாள்