ஓரத்தில் இருந்த கை

மார்ச் 4, செவ்வாய்

நூற்றைம்பது சொல். ஒரு படத்துக்கு நூற்றைம்பது சொல்தானாம்!

பத்திரிகையின் நாற்பதாம் ஆண்டு மலருக்கு நான் எடுத்ததில் பிடித்த பத்துப் படங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள கதையை எழுதித் தரவேண்டும். ஆசிரியர் போனில் குழைந்தார். "கொஞ்சம் உருக்கமா, கொஞ்சம் ஜாலியா எழுதுங்க மேடம்." முப்பத்தொரு வருடம் மைதான ஓரங்களில் மண்டி போட்டு முட்டி தேய்ந்தவளுக்குக் கொடுக்கும் இடம் ஒரு உள்ளங்கை அகலம்.

சரி என்று சொல்லிவிட்டேன். புகழ் எனக்கு மட்டும் கசக்குமா என்ன.

மார்ச் 6, வியாழன்

மூன்று கதைகளை எழுதி அனுப்பினேன்.

மல்யுத்த வீரன் படம். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, விரலில் சுற்றிய டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்க்கிறான். 'தோல்வியின் தனிமை' என்று எல்லாரும் உருகிய படம். நடந்தது வேறு. "இது ஆம்பளைங்க ரூம்மா" என்று காவலாளி என்னை விரட்டினான். சண்டை போட்டுவிட்டுப் பின்பக்கம் குப்பைத் தொட்டிகள் பக்கமாகச் சுற்றிப் போனேன். அங்கே இவன். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "என் வீட்டுக்காரி வாசல்ல நிக்கிறாளா? போயிட்டாளான்னு பாத்துச் சொல்லுங்க." தோற்றதற்கு இல்லை, மனைவிக்குப் பயந்து ஒளிந்திருந்தான்.

மழைத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் சைக்கிள் வீரர்கள். அது கலை இல்லை. வழுக்கி விழுந்தேன், விழுந்த இடத்திலிருந்து எடுத்தேன்.

உயரம் தாண்டும் பெண்ணின் பாதம் மட்டும் தெரியும் படம். வேறு லென்ஸை டாக்சியில் மறந்துவிட்டதால் வந்தது.

உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

மார்ச் 7, வெள்ளி

"லேசா மெருகேத்தியிருக்கோம் மேடம்."

மெருகாம். அந்தப் பாதத்துக்காக நான் 'மூன்று மணி நேரம் தவமிருந்தேன்' என்று போட்டிருக்கிறார்கள். டாக்சியைக் காணோம். மல்யுத்தக்காரனின் மனைவியைக் காணோம். போன் செய்து கத்தினேன். ஆசிரியர் சிரித்தார். இந்த ஆளுக்கு எதையும் வெட்டித்தான் பழக்கம்.

ஏழாவது படத்துக்கு இன்னும் ஒரு வரி எழுதவில்லை. எல்லாரும் கேட்பது அதைத்தான். பதினேழு வயதுப் பெண், ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்த நிமிடம், முகம் என்னைப் பார்த்து, வாய் முழுக்கத் திறந்து. 'வெற்றி முழக்கம்' என்று அட்டையில் வந்தது. சிட்டு என்று அவளுக்குப் பத்திரிகைகள் பெயர் வைத்தன. அந்தப் படம் ஷூக்கடையில் இருக்கிறது, பள்ளிக்கூடச் சுவரில் இருக்கிறது. என்னை எல்லாருக்கும் தெரிந்தது அதனால்தான்.

அதன் இடது ஓரத்தை இதே ஆசிரியர்தான், அப்போது பக்கம் வடிவமைக்கிறவர், வெட்டினார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடுப்பு எனக்கு உண்டு. அந்த ஓரத்தில் அவளுடைய பயிற்சியாளரின் கை இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மணி அடித்தது. அக்கா போய்க் கதவைத் திறந்தாள். காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். கூரியர் என்று நினைத்துக் கையெழுத்துப் போடப் பேனாவோடு போனேன்.

"என்னைத் தெரியலையா மேடம்? சிட்டு."

தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த முகம், எடுத்த எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். "என் சீட்டுக்குப் பின்னாடியே நீங்க எடுத்த படத்தை ஸ்டிக்கரா ஒட்டியிருக்காங்க. 'வெற்றி உனதே'ன்னு கீழ எழுதி. அது நான்தான்னு ஒரு பிள்ளைக்கும் தெரியாது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டினாள். மேல்கையின் உட்புறம், நான்கு சின்னப் பிறை மாதிரித் தழும்பு.

மாஸ்டரைப் பற்றி, அந்தப் பயிற்சியாளரைப் பற்றி, இரண்டு பெண்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். கிள்ளுவது, நகத்தால் குத்துவது, முடியைப் பிடித்து இழுப்பது. அவர் இப்போது தடகளச் சங்கத் தலைவர். ஒரு பெண்ணையும் தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். விசாரணையில் ஆதாரம் கேட்கிறார்கள்.

"அன்னிக்கு முதல்லதான் வந்தேன். ஆனா ரெக்கார்டு கால் செகண்டுல போச்சு. அதுக்குத்தான் நகத்தை இறக்கினார். அந்தக் கை உங்க படத்துல இருந்திருக்கணும் மேடம். முழுப் படம் வேணும்."

"வெட்டினது நான் இல்லைம்மா. ஆசிரியர்."

"யார் வெட்டினா எனக்கென்ன."

எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நான் உங்களைப் பாத்துத்தான் கத்தினேன். பக்கத்துல இருந்த பெரியவங்க நீங்க ஒருத்தர்தான்."

மார்ச் 12, புதன்

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியாமல் காலையில் ஒரு கோப்பையை உடைத்தேன்.

இருபத்திரண்டு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? வேன் ஓட்டத் தெரிகிறவளுக்கு என் வீட்டுக்கு வழி தெரியாதா? திடீரென்று வந்து, என் படத்தை, என் வாழ்க்கையிலேயே நல்ல படத்தை, எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள். நான் போட்டோ எடுக்கப் போனேனா, போலீஸ் வேலை பார்க்கப் போனேனா?

இதையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன். அவள் உடைந்த கோப்பையைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவ வாயைத் திறக்கலையா? அந்தப் படத்துல அவ வாயைத் தவிர வேற என்னடீ தெரியுது?"

மார்ச் 15, சனி

பரணில் ஏறினேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தாள். நெகட்டிவ் எல்லாம் பத்திரிகை அலுவலகத்தில். என்னிடம் இருப்பது காண்டாக்ட் ஷீட்டுகள். ஒரு ரோலின் முப்பத்தாறு படமும் தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சானவை. ஐந்தாவது பெட்டியில் அந்தத் தாள் கிடைத்தது.

இருபத்து மூன்றாவது படம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கை இருக்கிறது. நான்கு விரலும் சதைக்குள் புதைந்து.

அதன்மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. இதுவரை வை, இதை வெட்டு என்று. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'கை வேண்டாம்'.

என் கையெழுத்து.

மார்ச் 16, ஞாயிறு

தாளைப் பெட்டியில் வைத்து மூடினேன். மறுபடி எடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மறந்துபோனேன் என்று எழுதலாம். யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் எனக்கு நானே எழுதுகிற நோட்டில் கூடவா பொய்?

ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அந்த ஷீட்டைப் பார்த்தபோது கையைப் பார்த்தேன். விரல் எப்படி அழுத்தியிருக்கிறது என்றும் பார்த்தேன். பார்த்துவிட்டு நினைத்தது ஒன்றுதான்: சே, இந்தக் கை மட்டும் இல்லாவிட்டால் அட்டைப்படம்.

அவ்வளவுதான். வேறு ஒரு நினைப்பும் வரலை. வந்திருக்கணும். வரலையே.

ஆசிரியருக்குப் போன் செய்தேன். இருபத்திரண்டு வருடம் மனதுக்குள் வைத்துத் திட்டிய ஆளிடம் கேட்டேன்: "அந்தக் கையை வெட்டச் சொன்னது யாரு?"

"நீங்கதான் மேடம். யார் கைன்னுகூட நான் கேட்டேன். 'யாரோ, விடுங்க'ன்னீங்க."

மார்ச் 19, புதன்

அலுவலகத்துக்குப் போனேன். நெகட்டிவ் வேண்டும் என்றேன். ஆசிரியர் கதவைச் சாத்தினார்.

"மலரை வெளியிடப் போறது யாருன்னு தெரியுமா? மாஸ்டர். அழைப்பிதழ் அடிச்சாச்சு."

"மாத்தி அடிங்க."

"இத்தனை வருஷம் நல்லாத்தானே போச்சு மேடம்? உங்களுக்கும்தானே நல்லாப் போச்சு?"

அறைந்திருப்பேன். ஆனால் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் அவ்வளவு எரிந்தது. ஏழாவது படத்துக்கான கதையை அவர்களே எழுதியும் வைத்திருந்தார்கள். 'அந்தச் சிறுமியின் ஆனந்தக் கூச்சல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.' நூற்றைம்பது சொல், எண்ணி வைத்தாற்போல.

"என் பெயரில் இதைப் போட்டா கோர்ட்டில் பாப்போம்" என்று கத்திவிட்டு வந்தேன். படியிறங்கும்போது முட்டி மடங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபமாகக் கூட வெளியேற முடியாத உடம்பு.

நெகட்டிவ் போனால் போகட்டும். ஜன்னலோரம் தாளை ஒட்டி, பூச்சிகளைக் கிட்டத்தில் படமெடுக்கும் லென்ஸைப் போட்டு, 22, 23, 24 மூன்றையும் படம் பிடித்தேன். என் படத்தையே நான் படம் எடுத்தேன். முன்னே பின்னே உள்ள இரண்டையும் இதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

மார்ச் 24, திங்கள்

பள்ளிக்கூட வாசலில் பன்னிரண்டு வேன். கடைசி வேனில் அவள் இருந்தாள், ஸ்டியரிங்மேல் தாள் விரித்து ரொட்டி தின்றுகொண்டு. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உறையைக் கொடுத்தேன். துடைத்த கையை மறுபடி துடைத்துவிட்டுப் படங்களை எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா எடுத்திருக்கீங்க" என்றாள்.

பாராட்டு இல்லை அது. வாங்கிக்கொண்டேன்.

"அன்னிக்கு ஆசிரியர் வெட்டினார்னு சொன்னேன். அவர் இல்லை. நான்தான்."

அவள் ரொட்டியை மடித்து டப்பாவில் வைத்தாள். அழுவாளா, இறங்கு என்பாளா என்று காத்திருந்தேன்.

"தெரியாம வெட்டினீங்களா, தெரிஞ்சா?"

"தெரிஞ்சு."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

"அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள். "இப்ப இறங்குங்க மேடம், அது பசங்க சீட்டு."

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை. சங்கக் கட்டடத்தின் மாடி அறை, நீள மேசை, மூன்று பேர். இரண்டு பெண்களும் தங்கள் அம்மாக்களோடு சுவரோரம். சிட்டு காக்கிச் சட்டையில். மாஸ்டர் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார். "நல்லா இருக்கீங்களாம்மா? உங்க படத்தாலதான் நாலு பேருக்கு என்னைத் தெரியும்." நரைத்த தலை, மென்மையான குரல். இவர் கையா அப்படிச் செய்தது என்று யாருக்கும் தோன்றும்.

கை தெரியும் இருபத்து மூன்றாவது படத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. "ஓடி வந்த பொண்ணு மயங்கி விழப் போச்சு. தாங்கிப் பிடிச்சேன். இது தப்பா?"

மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் தலையாட்டினார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

இருபத்திரண்டாவது படத்தை வைத்தேன். அவள் நேராக நிற்கிறாள், இடுப்பில் கை, வாயோரம் சிரிப்புகூட. மாஸ்டர் கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "இது முந்தின படம். இதுல யார் விழறா, காட்டுங்க." இருபத்து நான்கை வைத்தேன். அவள் கையைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறாள். அவர் முதுகைக் காட்டி நடந்து போகிறார். "தாங்கிப் பிடிச்சவர் விட்டுட்டு எங்க போறாரு?"

தலையாட்டியவர் மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

பிறகு நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்ச நீங்க அன்னிக்கே ஏன் சொல்லலை?"

எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அட்டைப்படம் வேணும்னு இருந்துச்சு" என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இரண்டு பெண்களில் சின்னவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. காமெரா கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 16, புதன்

மலர் வந்துவிட்டது. என் பத்துப் பக்கங்கள் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் விளம்பரம். மாஸ்டர் விழாவுக்கு வரவில்லை, 'உடல்நிலை சரியில்லை'.

அக்கா மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாள் நல்ல வழவழப்பு, அலமாரிக்குப் போடலாம்" என்றாள். போட்டும்விட்டாள்.

மே 9, வெள்ளி

தீர்ப்பு. மாஸ்டர் தலைவர் பதவியிலிருந்து நீக்கம். ஐந்து வருடம் எந்த முகாமுக்குள்ளும் கால் வைக்கக்கூடாது.

ஐந்தா! இருபத்திரண்டு வருடம் எத்தனை கை, எத்தனை நகம், இதற்கு ஐந்தா? சிட்டுவுக்குப் போன் செய்து கொதித்தேன். அவள் வேன் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்: "இன்னும் மூணு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க மேடம். மேல போவோம். நீங்க இன்னொரு தடவை வந்து சொல்ல வேண்டியிருக்கும்."

"வரேன்."

"கத்தாம சொல்லணும்."

ஜூன் 14, சனி

காலையில் சிட்டு வந்தாள். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம், போட்டோ வேண்டும். "ஸ்டூடியோவுல எடுத்தா திருடி மாதிரி வரேன். உங்களுக்கு இந்தச் சின்னப் படமெல்லாம் எடுக்க வருமா?"

முப்பத்தொரு வருடத்தில் ஒருத்தர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. கோபம்கூட வந்தது, கொஞ்சம்.

பால்கனியில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். அவளுக்குப் பின்னால் வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடிக்க அக்கா. காது தெரிய வேண்டும், பல் தெரியக்கூடாது, அதுதான் விதி. நான் எண்ணிக்கொண்டு அழுத்தப் போகும்போது போர்வைக்குப் பின்னாலிருந்து அக்கா, "சீக்கிரம் எடுடீ, கையில ரத்தம் ஓடலை, இவளுக்கு லைசென்ஸ் வர்றதுக்குள்ள எனக்கு ஆம்புலன்ஸ் வந்துடும்" என்றாள்.

சிட்டு வெடித்துச் சிரித்துவிட்டாள். அடக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அக்கா தும்மினாள். மறுபடி. ஏழு படம் போயிற்று. எட்டாவதில்தான் வாய் மூடியது, அதுவும் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு.

எட்டாவதை அச்சடித்துக் கொடுத்தேன். பார்த்து, "பரவாயில்லை, திருடி இல்லை" என்றாள்.

"மீதி ஏழையும் அழிச்சிடவா?"

யோசித்தாள். காமெராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "இருக்கட்டும் மேடம். ஆனா எங்கயும் போடக்கூடாது."

போடமாட்டேன் என்றேன்.

ஏழிலும் நன்றாக இருக்கிறாள். அதை இந்த நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன்.