இரண்டாவது மணி

மாரிகுண்டா, காம்பியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யாங்குபாவுக்கு,

சலாம். பார்சிலோனாவில் குளிர் எப்படி? போனில் பேசினால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் கெமோ ஓடியோடி உழைத்த வேட்பாளர் தோற்றுவிட்டார். அண்ணனுக்குச் சொல்லியிருந்த துறைமுக வேலையும் போயிற்று. நான்தான் தோற்கடித்தேன் என்று உங்கள் அம்மா இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு இம்முறை நான் தலைமை அதிகாரி. மீனவர் தெருக்காரர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் யார் பக்கம் என்பது ஊரறிந்த விஷயம், அண்ணன் பக்கம் இல்லை. கடலை விற்கும் தாபு, ஓட்டாகப் போடவேண்டிய கோலியை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். அவருடைய வேட்பாளரின் பீப்பாய்க்குள் கோலி விழுந்து உள்ளிருக்கும் மணி அடித்தது. உடனே இன்னொரு மணியும் கேட்டது.

ஒரு ஆளுக்கு ஒரு கோலி, ஒரு மணி, அதுதான் ஓட்டு. அண்ணன் கட்சி ஏஜென்ட் துள்ளி எழுந்தார். "ஒளிச்சு வச்ச கோலியப் போட்டுட்டா! சாவடிய மூடுங்க!" தாபு இரண்டு கையையும் விரித்துக் காட்டி அழுதார். "அல்லா மேல சத்தியம், ஒண்ணுதாம்மா போட்டேன்." மூடியிருந்தால் அத்தனை பேரும் ஓட்டுப் போடாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வேலியோரம் நீங்கள் அடித்துக்கொண்டு திரிந்த மணி எனக்குத் தெரியாதா? சுவருக்குப் பின்னால் போனேன். உங்கள் சைக்கிளோடு அண்ணன் நின்றிருந்தார். ஓட்டு மணியோடு குழம்பும் என்று தேர்தலன்று சாவடிப் பக்கம் சைக்கிள் வரக்கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். "உனக்குச் சோறு கொண்டாந்தேன், கை பட்டுருச்சு" என்றார். கையில் சோறு இல்லை. பிறகு மெதுவாக, "வீட்டு மானம், சிரா, பேசாம இரு" என்றார்.

சைக்கிளை வரிசைக்கு முன்னால் உருட்டி வந்து மணியை அடித்துக் காட்டினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "கெமோ, இனிமே உனக்குக் கடலை கெடையாது, கல்லுதான்!" என்று தாபு கத்தினார். ஓட்டுப்பதிவு தொடர்ந்தது. சாயங்காலம் எண்ணி முடித்ததும் இரண்டு தரப்பு ஏஜென்டுகளும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நேற்றிலிருந்து அம்மா என் கையால் சாப்பிடுவதில்லை. அதுதான் வலிக்கிறது. ஆனாலும் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அடுத்த முறை அம்மா கூப்பிடும்போது, "நான் அங்க இருந்திருந்தாலும் அதத்தாம்மா செஞ்சிருப்பேன்" என்று சொல்லுங்கள். அது உண்மையா என்று உங்களை ஒருநாளும் கேட்க மாட்டேன். சொன்னால் போதும்.

அல்லா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
சிரா