குத்தகைச் சட்டமும் எங்கள் வாழைத் தோட்டமும்

ஜூலை 16, சனி

காலையில் திருச்சி ஜங்ஷன். பலத்த காற்று, கண்ணெல்லாம் மண். சட்டசபைத் தொடர் முடிந்தது. இனிக் கொஞ்ச நாள் தொகுதி வேலை. அண்ணன் கார் அனுப்பியிருந்தார். எப்போதும்போல உறையூரில் அவர் வீட்டில்தான். தேர்தலுக்கு நின்றபோதும் இதே கார், இதே வீடு.

அண்ணி இட்லி வைத்துக்கொண்டே, “மெட்ராஸ்ல என்னத்த சாப்பிட்டியோ, எளைச்சுப் போயிட்டே.”

செய்ய வேண்டியவை: ஸ்ரீரங்கம் கூட்டம். முசிறி கூட்டம். பெண்கள் பள்ளிக்கு வகுப்பறை, கலெக்டரைப் பார்க்க. செருப்பு வார்.

குத்தகைச் சட்டம் நிறைவேறியதை அண்ணனிடம் சொன்னேன். உழுகிறவனைக் காரணமில்லாமல் நிலத்தைவிட்டு இறக்க முடியாது, இறக்கியிருந்தால் திரும்ப ஏற்றலாம் என்று.

“பேப்பர்ல பாத்தேன்” என்றார். கை கழுவ எழுந்துவிட்டார்.

ஜூலை 17, ஞாயிறு

மாலை ஸ்ரீரங்கம். என் தொகுதி அல்ல. சட்டத்தை விளக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். மைக் இரண்டு தடவை செத்துப்போனது. கோவில் கைங்கர்யக்காரர் ஒருவர் எழுந்தார்.

“அடியேன் ஒண்ணு கேக்கலாமோ? பெருமாள் நிலத்துக்கும் இந்தச் சட்டம் உண்டோ?”

அது தனியாகப் பரிசீலனையில் இருக்கிறது என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. மற்றபடி சட்டத்துக்கு முன் பெரிய மனுஷன், சின்ன மனுஷன் கிடையாது என்றேன். கைதட்டல். எனக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னேன்.

ஜூலை 19, செவ்வாய்

முசிறி, என் தொகுதி. சந்தைத் திடல். மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. சபையில் என்ன பேசினேன், என்ன கேட்டு வாங்கினேன் எல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைசியாகக் குத்தகைச் சட்டம்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். சின்னம்மாள். எங்கள் ஆற்றோரத் தோட்டத்தைக் குத்தகைக்கு உழுகிறவள். அவள் புருஷன் வீரமுத்து பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“சட்டம் வந்திருச்சுன்னு சொல்றீங்க. போன மாசம் உங்க அண்ணன் ஆளுங்க வந்து எங்க வாழைய வெட்டிட்டாங்க. கொல்லையில கால வைக்காதேங்கறாங்க. நாங்க எங்கம்மா போறது?”

யாரோ, “உக்காரு புள்ள, உக்காரு” என்றார்கள். அவள் உட்காரவில்லை. நாளைக் காலையில் நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 20, புதன்

காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சத்திரம் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினேன். ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர்.

தோட்டம் பார்த்தேன். குலை தள்ளிய வாழை அப்படியே கிடக்கிறது, அழுகல் நாற்றம். அண்ணனின் காரியஸ்தர் ஓடி வந்து, “காத்துல சாஞ்சதுங்கம்மா” என்றார். காற்றில் சாய்ந்த மரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டு.

வீரமுத்து ரெவின்யூ ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்திருக்கிறானாம், வருகிற செவ்வாய் விசாரணை. வாய்க் குத்தகை, எழுத்து ஒன்றும் கிடையாது. சாட்சி சொல்ல ஊரில் யாரும் வரவில்லை.

மத்தியானம் உறையூர். சாப்பிடும்போது கேட்டேன்.

“அவன் கூலி ஆளு. குத்தகை ஏது?” என்றார் அண்ணன்.

“அறுப்புக்கு அறுப்பு பாதித் தாரு நம்ம வீட்டுக்கு வருமே அண்ணே. நானே எண்ணி எறக்கியிருக்கேன்.”

“இப்ப அதெல்லாம் எதுக்கு? சட்டம் வந்தாச்சு, நாளைக்கி நெலமே நம்மது இல்லேம்பான். நீ ஜெயிச்சது யாரால, கமலா?”

“உங்களாலதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லேண்ணே. விசாரணையில உள்ளதச் சொல்லுவேன்.”

பாதியில் எழுந்துவிட்டார். அண்ணி ரசக் கரண்டியோடு நின்றபடியே இருந்தாள். நானும் இலையை மூடினேன்.

ஜூலை 21, வியாழன்

பெட்டியோடு முசிறி டிராவலர்ஸ் பங்களா. அண்ணி வாசல்வரை வந்தாள். “விசாரணை முடிஞ்சதும் வந்துடுவேல்ல?” வருகிறேன் என்றேன். அண்ணன் உள்ளேயே இருந்தார்.

பங்களாவில் ஒரே கொசு. செருப்பு தைத்தாகிவிட்டது.

ஜூலை 26, செவ்வாய்

ஆர்.டி.ஓ. விசாரணை. வெயில். வராந்தா முழுக்க ஜனம். அண்ணன் முன் வரிசையில், வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை.

வீரமுத்து குத்தகைக்குத்தான் உழுதான், பாதி விளைச்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

அண்ணனின் வக்கீல்: “உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் சொத்துத் தகராறு உண்டா?”

“இல்லை.”

“மனஸ்தாபம்?”

“இன்றுவரை இல்லை.”

வெளியே வந்து ஒரு சோடா.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

உத்தரவு வந்தது. தோட்டத்தை வீரமுத்துவிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். காரியஸ்தர் அப்பீல் என்று சொல்லிக்கொண்டு போனார்.

மாலையில் கட்சிச் செயலாளர் பங்களாவுக்கு வந்தார். காபி சாப்பிட்டார். ரொம்ப நேரம் வெயிலைப் பற்றிப் பேச்சு. எழுந்திருக்கும்போதுதான், “அடுத்த தடவை சீட்டு உங்க அண்ணனுக்குன்னு மேல பேசிக்கறாங்கம்மா. நான் சொன்னதா வச்சுக்காதீங்க.”

சரி என்றேன். கலெக்டர் வகுப்பறைக்குச் சம்மதித்துவிட்டார். அதைச் செயலாளரிடம் சொல்ல மறந்துபோனேன்.

உறையூருக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்தாள். “அவர் பூஜையில இருக்கார்” என்றாள். அண்ணன் மாலையில் பூஜை செய்கிறவர் இல்லை.

ஆகஸ்ட் 5, வெள்ளி

காற்று அடங்கியிருக்கிறது. ஆற்றோரத் தோட்டத்துக்குப் போனேன். வீரமுத்து பழைய கட்டைகளைத் தோண்டிக்கொண்டிருந்தான். சின்னம்மாள் புதுக் கன்று ஊன்றிக்கொண்டிருந்தாள். நன்றி, கும்பிடு ஒன்றும் இல்லை. அது நல்லதாகவே இருந்தது. சேற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

“வாய்க்கா தூந்து கெடக்குங்கம்மா. ஆத்துல இம்புட்டுத் தண்ணி போயும் இங்க ஏற மாட்டேங்குது. அதுக்கு யாரப் பாக்கணும்?”

“என்னைத்தான்” என்றேன்.

கரையோடு நடந்து பார்த்தேன். மதகிலிருந்தே மண் மேடு. நாளை பி.டபிள்யூ.டி. இன்ஜினீயரைப் பார்க்க வேண்டும், விடாமல். அண்ணன் வயலுக்கும் இதே வாய்க்கால்தான்.