எலியா, குருவியா?

மார்ச் 4
தையல் மெஷினுக்கு நேர் மேலே, கூரைப் பலகைக்குள் ஏதோ பிராண்டுகிறது. எலி என்கிறேன் நான். குருவி என்கிறார் இவர். "ஏதோ ஒண்ணு, விடேன்." எப்படி விடுவது? குருவி என்றால் குஞ்சுக்கு இறக்கை முளைத்ததும் கிளம்பிவிடும். எலி கிளம்புமா? குட்டி போடும், அந்தக் குட்டியும் குட்டி போடும், நம் தலைமேலேயே குடித்தனம் நடத்தும்.

மார்ச் 5
எலிப்பொறி வாங்க மறந்துவிட்டாராம். தன் தங்கச்சிக்குத் தலைவலி மாத்திரை மட்டும் மறக்கவில்லை.

மார்ச் 7
வெட்டி வைத்த சட்டைத் துணிமேல் எச்சம். நாத்தனார் குனிந்து பார்த்தாள். "எலிப் புழுக்கைன்னா முழுக்கக் கறுப்பா இருக்கும் அண்ணி. இதுல வெள்ளை இருக்கு பாருங்க. குருவிதான்."

பெரிய கண்டுபிடிப்பு! புருஷன் கையை முறுக்கிவிட்டான் என்று ஒரே பையோடு வந்தவள். "ரெண்டே நாள் அண்ணி" என்றாள். அப்போது குளிர்காலம். இப்போது மின்விசிறி ஓடுகிறது. கேட்டால் நான்தான் கெட்டவள்.

மார்ச் 8
அக்காவிடம் போனில் சொன்னேன்: "குருவின்னு நினைச்சு வீட்டுக்குள்ள விட்டேன், எலியாப் போச்சு." ரெண்டு பேரும் சிரித்தோம். திரும்பினால் கதவருகே நாத்தனார், மடித்த துணிகளோடு. என்னுடையதையும் சேர்த்து மடித்திருந்தாள்.

ஐயோ.

மார்ச் 9
இவர் ஏணி போட்டுப் பலகையை நகர்த்தினார். கூடு. உள்ளே என் நூல் துண்டுகள், வாயைப் பிளந்த குஞ்சுகள். குருவியேதான். சந்தோஷப்பட வேண்டியதுதானே நான்? ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தைத்ததைப் பிரிக்கிறேன், பிரித்ததைத் தைக்கிறேன். ரெண்டும் தானியம்தான் தின்கிறது, ரெண்டுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஒன்றுக்குத் தண்ணீர் வைக்கிறோம், இன்னொன்றுக்கு விஷம். என்ன நியாயமோ.

அவள் சாப்பிட வரவில்லை. பசியில்லையாம்.

மார்ச் 10
காலையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"அவர்கிட்டதான் அண்ணி. வேற எங்க போவேன்?"

கையை முறுக்கினவன்கிட்டயா! மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பாழாய்ப்போன கோபம் முந்திக்கொண்டது. பையைப் பிடுங்கினேன். "ஒண்ணும் போக வேண்டாம். எலியாவே இருந்துட்டுப் போ!" என்று கத்திவிட்டேன். சீ, என்ன வாய் இது. அவள் முறைத்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

மார்ச் 11
"என்னடி நடக்குது இங்க?" என்றார் இவர். உங்க வேலையப் பாருங்க என்றேன்.

மார்ச் 19
கடைத்தெருவில் பித்தான் வாங்கினேன், நூல் வாங்கினேன். வாசல் பூட்டுக்கு இன்னொரு சாவி போடச் சொன்னேன். யாருக்கும்மா என்றார் சாவிக்காரர். வீட்டு ஆளுக்கு என்றேன்.